வல்லைவெளிக்கு எந்த லென்ஸ்?

அன்று வல்லைவெளிக்கு நான் எந்த லென்ஸைக் கொண்டு போயிருக்க வேண்டும்? படம் கழுவி வந்து, வகுப்புச் சுவரில் ஒட்டியும் ஆயிற்று. ஆனாலும் கிணற்றடியில் துணி அலசும்போது இந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

என்னிடம் இருந்தவை இரண்டு லென்ஸுகள். இரண்டும் அண்ணையுடையவை. ஜேர்மனிக்குப் போகும்போது கமராவோடு சேர்த்து என்னிடம் விட்டுப் போனார். ஒன்று உள்ளங்கையில் அடங்குவது, நூற்று முப்பத்தைந்து மில்லிமீற்றர். மற்றது நானூறு. முழங்கை நீளம் இருக்கும். தூக்கினால் ஒரு பால்மா ரின்னின் பாரம். கமரா பற்றரி இல்லாமல் இயங்கும் பழைய வகை. பொருளாதாரத் தடையால் கடைகளில் பற்றரியைக் கண்ணால் காண முடியாதிருந்த ஆண்டுகளில் அது பெரிய ஆறுதல். ஆனால் பிலிமும் இல்லை. அதனால் லென்ஸுகள் இரண்டும் எங்கள் கோப்பாய் வீட்டில், வறுத்த அரிசி போட்ட ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்தன. ஈரம் பிடித்தால் கண்ணாடிக்குள் பூஞ்சணம் வலைபோலப் படரும் என்று அண்ணை பயமுறுத்தியிருந்தார். அரிசி பதத்துப் போனால் எடுத்துத் திரும்ப வறுத்துப் போடுவேன்.

எங்களோடு இருக்கும் கணவரின் தங்கைக்கு அது பெரிய பகிடி. "மச்சாள், வீட்டிலை சனத்துக்கு அரிசி இல்லை, கண்ணாடிக்கு மட்டும் வறுத்த அரிசி. அதுகள் எப்ப சாப்பிட்டு முடிக்குமாம்?"

அரசுக்கும் புலிகளுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த மாதங்களில், கொழும்புக்குப் போய்வந்த சக ஆசிரியை ஒருவர் எனக்கு ஒரு கலர் பிலிம் சுருள் கொண்டுவந்து தந்தார். நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு விலங்கியல் படிப்பிக்கிறேன். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டிருந்தாள்.

"ரீச்சர், பூநாரை மெய்யாவே றோஸ் நிறமோ? புத்தகத்திலை சாம்பலாயெல்லோ கிடக்கு."

"ஓம், றோஸ்தான்," என்றேன்.

"நீங்கள் கண்டனீங்களோ?"

கண்டதில்லை. நானும் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். சைக்கிளில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், வல்லைவெளியில், கடல்நீரேரி இருக்கிறது. மாரி முடிய அங்கே பூநாரைகள் வந்து இறங்குகின்றன. ஆனால் ஒதுங்க ஒரு மரமில்லாத அந்த வெட்டையில், ஆமியின் ஹெலிகொப்டர் வந்து சுட்டால் எங்கே ஓடுவது? எந்த வீட்டிலும் பிள்ளைகளை அங்கே விடுவதில்லை. "படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுறன்," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. கோடை வெயில் ஏறத் தொடங்கினால் பறவைகள் போய்விடும். பேச்சுவார்த்தை எவ்வளவு நாளைக்கோ, அதுவும் தெரியாது. ஒரு சனிக்கிழமைதான் வாய்க்கும் போலிருந்தது.

போவது எப்படி என்பது சுலபமாக முடிவாயிற்று. கணவர் தன் சைக்கிளின் முன் கூடையில் மகளை இருத்திக் கொள்வார். அவருடைய தங்கை, எனக்கும் அவள் மச்சாள்தான், தன் சைக்கிளில் வருவாள். என் சைக்கிள் கரியரில் ஒரு பை. பிள்ளைக்கு மாற்றுடுப்பு, சுடுதண்ணீர்ப் போத்தல், பால்மா, துவாய், கமரா. இவ்வளவும் வைத்த பிறகு ஒரு லென்ஸுக்கு இடம் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை.

முதல்நாள் பின்னேரம் இரண்டையும் முற்றத்தில் வைத்து, கமராவில் மாறி மாறிப் பூட்டிப் பார்த்தேன். சின்னதில் முருங்கை மரம் முழுவதும் வந்தது, அதில் இருந்த காகம் ஒரு பயற்றங்காய்த் துண்டு போல. பெரியதில் காகத்தின் கண் தெரிந்தது. ஆனால் மூச்சு விட்டால் காகம் ஆடியது. வல்லைவெளிக் காற்றை நினைத்தேன். அந்தக் காற்றில் ஆண்களே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுவார்கள். கையில் நிற்குமா இது?

மகள் வேலியடியில் இருந்து "என்னைப் பாருங்கோ அம்மா" என்று கத்தினாள். பெரிய லென்ஸில் அவளுடைய முகம், மூக்குச்சளியோடு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஓடி வந்தாள். வர வர முகம் கலங்கியது. என் மடியருகே வந்தபோது வெறும் நிறமாகிவிட்டது. எவ்வளவு திருகியும் தெளியவில்லை. கிட்ட வந்தால் அந்த லென்ஸுக்குப் பிள்ளையைத் தெரியாது. அவள் திரும்பவும் வேலியடிக்குப் போக வேண்டும்.

அதைக் கண்டதும் சின்னதைக் கொண்டுபோவோம் என்று தோன்றியது. பிறகு வகுப்புப் பிள்ளைகளை நினைத்தேன். அரிசிமணி அளவில் ஒரு புள்ளி வரிசையைக் காட்டி, இதுதான் பூநாரை என்று எப்படிச் சொல்வது? பெரியதைப் பைக்குள் வைத்தேன். எடுத்தேன். சின்னதை வைத்தேன்.

வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த கணவர் சிரித்தார். "நீர் எதைக் கொண்டு போனாலும், மற்றதைக் கொண்டு வந்திருக்கலாம் எண்டுதான் சொல்லப்போறீர். அதாலை பாரமானதைக் கொண்டு வாரும். பாரத்தையாவது குறை சொல்லலாம்."

"உதைத் தோளிலை வைச்சுக்கொண்டு றோட்டாலை போகாதேங்கோ மச்சாள்," என்றாள் தங்கை. "சனம் கண்டுதெண்டால் றொக்கற் எண்டு பங்கருக்குள்ளை ஓடப்போகுது."

பெரியதையே எடுத்தேன். காற்றுக்கு ஒரு உபாயமும் செய்தேன். பங்கருக்கு, அதுதான் எங்கள் பதுங்குகுழிக்கு, மண்மூட்டை தைத்தபோது மிஞ்சிய சேலைத் துண்டொன்று இருந்தது. அதில் தலையணை உறைபோல ஒரு சின்னப் பை தைத்தேன். அங்கே போய் மணல் நிரப்பி, அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் ஆடாது. மண்மூட்டை தைப்பதில் எங்கள் எல்லோருக்கும் நல்ல பழக்கம் இருந்தது.

விடியப் புறப்பட்டோம். அச்சுவேலி தாண்டி வெளிக்குள் இறங்கியதும் காற்று முகத்தில் அறைந்தது. சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு போய், தெருவோரமாகச் சாத்திவிட்டு, நீரேரிக் கரையால் நடந்தோம். கரை வளைந்து வளைந்து போயிற்று. அப்பால், ஆழமில்லாத நீரில், பறவைகள் நின்றன. தலையைக் கீழே விட்டுச் சேற்றைக் கிளறியபடி ஒரு நீண்ட கூட்டம்.

முதலில் எனக்கு ஏமாற்றம். அவை வெள்ளையாக இருந்தன. நிறம் என்று சொல்ல மங்கலான ஒரு சாயல் மட்டும்.

பைக்குள் மணலை அள்ளி நிரப்பி, கரைமேட்டில் வைத்து, முழங்காலில் இருந்து லென்ஸைச் சாய்த்தேன். "பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ," என்றேன்.

"பத்தாந்தரம் சொல்லியாச்சு," என்றார் கணவர்.

ஒரு கண்ணை மூடினேன். அதன் பிறகு எனக்கு உலகம் என்றால் அந்தச் சிறு வட்டத்துக்குள் தெரிந்தது மட்டுந்தான். ஒரு வளைந்த சொண்டு, ஒரு கால், தண்ணீரில் அதன் நிழல். காற்று ஓயும் ஒரு கணத்துக்காக விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நல்ல நிறம் வேண்டுமென்றால் எந்தப் பறவையை எடுப்பது? மெதுவாக லென்ஸை இடப்பக்கம் நகர்த்தினேன்.

அங்கே என் மகள் நின்றாள்.

தனியாக நின்றாள். அவள் காலடியில் தண்ணீர். பறவைகளின் கால்கள் அவளுடைய தோளை உரசுவதுபோல, அவ்வளவு கிட்ட. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"பிள்ளை! தண்ணிக்கை பிள்ளை!" என்று கத்தினேன். அப்படியொரு சத்தம் எனக்குள் இருந்தது அதுவரை எனக்கே தெரியாது. அந்தச் சத்தத்துக்குப் பறவைகள் செட்டை விரித்து எழும்ப, விரலும் அழுந்திவிட்டது. கமராவைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பறவைகள் எல்லாம் பறந்து போயின. செருப்புக் கழன்றதுகூடத் தெரியாமல் ஓடிப்போய்ப் பார்த்தால், மகள் கரையில், உலர்ந்த மணலில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கணவர் குந்தியிருந்தார். மச்சாள் சற்றுத் தள்ளிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கரை அந்த இடத்தில் எனக்கு முன்னால் வளைந்து நீண்டிருந்தது. அவர்கள் அதன் நுனிக்கு நடந்து போயிருந்தார்கள். பறவைகள் அங்கிருந்தும் வெகுதூரம். நீண்ட லென்ஸ் முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் காட்டும். இதை வாசித்துத் தெரிந்து வைத்திருந்தவள்தான் நான்.

"இஞ்சை பாரும், கால்கூட நனையேல்லை," என்றார் கணவர். என் முகத்தைப் பார்த்தபின் பகிடி விடவில்லை.

மச்சாள்தான் விட்டாள். "ஹெலிக்குக்கூடப் பறக்காததுகள் மச்சாளின்ரை சத்தத்துக்குப் பறந்திட்டுதுகள்."

பறவைகள் திரும்பி வரவில்லை. மிகுதி பிலிமில் மகளையும் மச்சாளையும் எடுத்துத் தீர்த்தேன். சுருள் ஒருவர் கையில் கொழும்புக்குப் போய்ப் படங்களாகத் திரும்பி வந்தது. பூநாரை இருந்தது ஒரே ஒரு படத்தில். அதை வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

நிற்கும்போது வெள்ளையாகத் தெரிந்த பறவைகள், எழும்பிச் செட்டை விரித்தபோது உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தன. பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு பார்த்தார்கள். கீழே, சற்று மங்கலாக, கையுயர்த்தியபடி என் மகள்.

"ரீச்சற்றை மகளோ இது?" என்று கேட்டாள் நிறம் கேட்ட அதே பிள்ளை. "தனிய தண்ணிக்கரையிலை விட்டிட்டோ படம் எடுத்தனீங்கள்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் நெகற்றிவை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கமராவின் கண்ணாடிக்குள் தெரிவதைவிடச் சற்றுக் கூடுதலாகவே பிலிமில் பதியும். படம் அச்சிடும்போது அந்த ஓரம் வெட்டுப்பட்டுவிடும். நெகற்றிவின் ஓரத்தில் இரண்டு விரல்கள் இருந்தன. என் கணவரின் விரல்கள், மகளுடைய சட்டையின் பின் நாடாவை இறுக்கிப் பிடித்தபடி.

சின்ன லென்ஸாக இருந்திருந்தால் அவர் முழுதாகத் தெரிந்திருப்பார். நான் கத்தியிருக்கமாட்டேன். பறவைகளும் எழும்பியிருக்கமாட்டா, அந்தச் சிவப்பை நாங்கள் ஒருவருமே கண்டிருக்கமாட்டோம். இதை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் எனக்கு ஒரு முடிவு வருவதில்லை. ஒரு நாள் பெரியதுதான் சரி என்று படுகிறது. அடுத்த நாள், அந்த வட்டத்துக்குள் அவள் தனியாக நின்றது நினைவுக்கு வந்து, மகள் எங்கே என்று எழும்பிப் போய்ப் பார்க்கிறேன்.

பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. பங்கரை மறுபடி துப்புரவாக்கியிருக்கிறோம். எல்லா வீடுகளிலும் போல எங்கள் வாசலிலும் ஒரு பை கட்டி வைத்திருக்கிறோம். திடீரென்று வெளிக்கிட வேண்டி வந்தால் தூக்குவதற்கு. பிறப்புச் சான்றிதழ்கள், பிள்ளையின் உடுப்பு, ஒரு பால்மா ரின். அதற்குள் கமராவையும் வைத்தேன். இன்னும் ஒரு லென்ஸுக்குத்தான் இடம் இருக்கிறது. எங்கே போய் இருந்தாலும் மாரி முடியப் பறவைகள் வரும். மகள் அப்போது இன்னும் வேகமாக ஓடுவாள்.

இதை வாசிப்பவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். கமரா பிடித்தவர்களும் இருப்பீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அந்தப் பைக்குள் நான் எதை வைப்பது? படம் எடுக்கும்போது மற்றக் கண்ணை நீங்கள் மூடுவீர்களா, திறந்து வைத்திருப்பீர்களா?