எருக்கிலைப் பச்சை

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மருந்து பாட்டிலில் எழுதியிருப்பது முதல் ரயில் வரும் நேரம் வரை, வீட்டில் எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். எதற்கும் தெரியாது என்று நான் சொன்னதாக நினைவில்லை. ஆகவே, ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் சித்தப்பாவுக்கு நான் டீச்சராக ஆனதில் யாரும் ஆச்சரியப்படவில்லை. நானும் ஆச்சரியப்படவில்லை.

அந்த வருஷம் ஆண்டு விழாக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு மேசை விரிப்பில் பூத்தையல் போட்டு வரவேண்டும் என்று தையல் டீச்சர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் ரோஜாவும் கிளியும் வரைந்தார்கள். நான் எருக்கஞ்செடி வரைந்தேன். மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரத்தில், அப்பாவின் வாடகை சைக்கிள் கடைக்குப் பின்னால், அது புதராக மண்டிக் கிடந்தது.

"எருக்கம்பூவ யாருடி மேசையில விரிப்பாங்க?" என்றார் டீச்சர்.

"நான் விரிப்பேன் டீச்சர்" என்றேன்.

பூவின் ஊதா எளிதாகக் கிடைத்தது. இலைதான் சிக்கல். கடையில் இருந்த பச்சையெல்லாம் கிளிப்பச்சை. எருக்கிலையின் பச்சையோ மேலே சாம்பலைத் தூவியதுபோல மங்கலாக இருக்கும். சிதம்பரத்தில் சாயப்பட்டறை வைத்திருந்த பெரியப்பா, அதாவது என் அம்மாவின் அக்கா வீட்டுக்காரர், நூலைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு அவுரி நீலத் தொட்டியில் முக்கி, அந்தப் பச்சையில் எனக்காகவே ஒரு சின்னச் சிட்டம் நூல் போட்டுக் கொடுத்தார். கடுக்காய் ஏறிய நூல் விரலில் கொஞ்சம் சொரசொரக்கும். அதைக் கோத்துத் தைப்பது சிரமம். ஆனால் நிறம் அப்படியே இலைதான். ஒரே ஒரு பெரிய இலை பாக்கி இருக்கும்போது நூல் தீர்ந்துவிட்டது.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அவர் மனசெல்லாம் ரயிலில் இருந்தது. பச்சைக் கொடி அசைவதைப் பார்ப்பதற்கென்றே திருப்பாப்புலியூர் ஸ்டேஷனுக்குப் போய் நிற்பார். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலைக்கு மனுப் போட்டு, அந்த வருஷம்தான் கூப்பிட்டிருந்தார்கள். திருச்சியில் டாக்டர் பார்த்துச் சரியென்றால் வேலை. வேலை கிடைத்தால் கல்யாணம் என்று பெண் வீட்டிலும் சொல்லியிருந்தார்கள்.

ரயில்வேயில் இருந்த சிநேகிதரைப் பார்க்க அவர் சிதம்பரம் போனபோது, மாதிரிக்கு ஒரு துண்டு நூலைக் கொடுத்தனுப்பினேன். பட்டறையில் பெரியப்பா இல்லாததால், கொடியில் காய்ந்தவற்றிலிருந்து அவரே பார்த்து ஒரு சிட்டம் எடுத்து வந்தார். தவிட்டு நிறம்.

"ஏந்தம்பி, வர்ற வழியிலயே எல காஞ்சி சருகாயிடுச்சா?" என்று அம்மா சிரித்தாள். சித்தப்பாவும் சிரித்தார்.

மறுநாள் கடைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார். பச்சைத் துண்டையும் தவிட்டு நூலையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"நெசமாவே ரெண்டும் வேற வேறயா பாப்பா?"

கேலி செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். அப்புறம், சிநேகிதர் சொன்னதைச் சொன்னார். ரயில்வே டாக்டர் கலர் கலராகக் கம்பளி நூலைக் கொட்டி, ஒன்றைக் காட்டி, இதே மாதிரி இருப்பதையெல்லாம் எடு என்பாராம்.

"அவ்ளோதானா? நான் சொல்லித் தரேன் சித்தப்பா" என்றேன். வாய்ப்பாட்டையே மனப்பாடம் செய்தவளுக்கு இதெல்லாம் ஒரு பாடமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு நான் சிதம்பரம் போனேன். டிக்கெட்டை மட்டும் அவர் வாங்கினார். பெரியப்பா புதிதாக முக்கியெடுத்த சிட்டம் ஈரத்தில் கறுத்துத் தெரிந்தது. காயட்டும் என்று காத்திருந்தேன். காய்ந்த பிறகு நீலம் தூக்கலாக இருந்தது.

"இது எருக்கு இல்ல பெரியப்பா."

"உங்கண்ணன் மக கலெக்டராத்தான் வருவா போ" என்று சித்தப்பாவிடம் சலித்துக்கொண்டு, பெரியப்பா அதை மறுபடியும் கடுக்காயில் ஊறப்போட்டார். சாயங்காலம் அது காய்ந்ததும் துண்டு நூலை அதன்மேல் வைத்தேன். எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியிருந்தது. ஒரே வித்தியாசம், புது நூல் பழசைவிட இன்னும் சொரசொரப்பு.

பட்டறையில் கிடந்த எல்லா நிறத்திலும் துண்டுகள் பொறுக்கி வந்து பாடம் நடத்தினேன். மஞ்சளும் நீலமும் உடனே வந்தன. பச்சையையும் தவிட்டையும்தான் மாற்றி மாற்றி எடுத்தார். நான் காதைத் திருகினேன். திருகுவதற்குக் குனிந்து கொடுத்தார். திடீரென்று ஒருநாள் எல்லாவற்றையும் சரியாக எடுக்க ஆரம்பித்தார். மறுநாளும் சரி. சந்தேகம் வந்து கவனித்தேன். ஒவ்வொரு நூலையும் எடுப்பதற்குமுன் கட்டைவிரலால் லேசாகத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணால பாரு சித்தப்பா, கையால பாக்காத."

"கண்ணும் கையும் ஒரே ஆளோடதுதான பாப்பா" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். விடை சரியாக இருந்தால் மார்க்கு போடவேண்டியதுதானே. போட்டேன்.

அவர் திருச்சிக்குப் போன அன்றுதான் கண்காட்சி. என் எருக்கஞ்செடிக்கு முதல் பரிசு. எந்த இலை புது நூல் என்று நான் கேட்டதும், டீச்சர் கண்ணாடியைக் கழற்றியும் போட்டும் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் சித்தப்பா வந்தார். வேலை இல்லை என்று மட்டும் சொன்னார். "ஒழுங்கா போய் நின்னுருக்க மாட்ட. ஊரச் சுத்திட்டு வந்திருக்க" என்று அப்பா கத்தினார். சித்தப்பா ஒரு டியூபை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனசு தேறட்டும் என்று என் விரிப்பைக் கொண்டுபோய் மடியில் பரப்பினேன். டீச்சரிடம் கேட்ட கேள்வியையே கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, இலைகளின்மேல் கட்டைவிரலை ஓட்டி, மூலையில் இருந்த பெரிய இலையில் நிறுத்தினார்.

"இது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சருக்கே தெரியாதது என் மாணவருக்குத் தெரிந்துவிட்டது.

"இவ்ளோ நல்லா கண்டுபுடிக்கிற. அப்புறம் அங்க மட்டும் என்னாச்சு சித்தப்பா?"

அவர் அந்த இலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அங்க எல்லா நூலும் மெத்துமெத்துன்னு ஒரே மாதிரி இருந்துச்சு பாப்பா."

"கம்பளின்னா அப்பிடித்தான் இருக்கும் சித்தப்பா" என்று அவருக்கு விளக்கினேன். அது செம்மறியாட்டு மயிரிலிருந்து வருவது என்று பாடத்தில் படித்திருந்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.