பதினொரு நீட்டு வண்டிகள்

நிர்வாகம் வண்டிகளுக்கு வைத்த பெயர்கள் தொழிற்சாலைக்குள் யார் வாயிலும் நுழையவில்லை. முதலில் வந்ததை ஆட்கள் பெட்டி என்றார்கள். நான்கு கதவு, பின்னால் சாமான் வைக்கத் தனி அறை, ஒரே ஒரு பக்கக் கண்ணாடி, கையால் சுற்றி இறக்கும் சன்னல்கள். சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கிறது என்று சிரித்தவர்களே பிறகு பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். ஒரே ஸ்கூட்டரில் பிள்ளையை முன்னால் நிறுத்தி, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து மழையில் நனைந்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு அது ஓடுகிற ஒரு கூரை. ஒன்பது வருடம் கழித்து மூலைகளை மழுக்கி, இன்னொரு பக்கக் கண்ணாடியும் கொடுத்தார்கள். அது உருண்டை. இன்னும் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு சாண் நீளம் கூட்டி, பெரிய சக்கரம் போட்டு ஒன்று வந்தது. அது நீட்டு.

மூன்றையும் செய்த கைகளில் ஒரு ஜோடிக்குச் சொந்தக்காரரை நிதானம் என்று கூப்பிட்டார்கள். முப்பது வயதில் சேர்ந்தவர். தலைக்கு மேலே தொங்கியபடி நகர்ந்து வரும் வண்டிக்கு அடியில் நின்று, முன்பக்க வலது சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸை அதன் தாங்கியில் நுழைத்து, ஒரு கிளிப் போட்டு அழுத்துவார். டக் என்று கேட்கும். கேட்ட பிறகும் கட்டைவிரலால் இன்னொரு முறை அழுத்துவார்.

“நிதானம், அது என்ன காலிங் பெல்லா, ரெண்டு தடவ அமுக்குற?” என்பான் இடது சக்கரத்துக்காரன்.

“உள்ள ஆள் இருக்கான்னு பாக்குறேன்” என்பார் இவர்.

அப்படிப்பட்டவர் கைதான் தவறியது.

நீட்டு வண்டி ஆரம்பித்த அன்று உருண்டையும் அதே வரிசையில் கலந்து வந்தது. கடைசி நாற்பது உருண்டை, முதல் நூற்று அறுபது நீட்டு. நீட்டு வண்டிக்குச் சக்கரம் பெரியது என்பதால் ஹோஸைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் டயர் அதில் உரசும். அதற்காகக் கிளிப் ஒரு நகத்தின் அளவு கூடுதல் நீளம். மற்றபடி இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். பழைய கிளிப் நீட்டு வண்டியிலும் உட்காரும், அதே மாதிரி டக் என்றும் கேட்கும். பழையது வலப்பக்கத் தொட்டியில், புதியது இடப்பக்கத் தொட்டியில். பன்னிரண்டு வருடமாக வலப்பக்கமே போய்வந்த கைக்கு இதை யார் சொல்வது?

வேலை முடிந்து தொட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பார்த்தார். அறுபது பழைய கிளிப் வந்தது. நாற்பது உருண்டைக்கு நாற்பது போனால் மிச்சம் இருபது. இருந்தது ஒன்பது.

மறுபடி எண்ணினார். ஒன்பதுதான்.

வரிசையை நிறுத்தும் சிவப்புக் கயிறு அவர் தோளுக்கு ஒரு முழம் தள்ளித் தொங்கியது. அந்தப் பக்கம் விருந்தாளிகள், காமிராக்கள், கைதட்டல். “இன்னைக்குக் கயித்துல எவன் கைய வெச்சாலும் அப்படியே வீட்டப் பாத்துப் போயிடலாம்” என்று மேற்பார்வையாளர் காலையிலேயே சொல்லியிருந்தார். நிதானம் கயிற்றைப் பார்த்தார். தொட்டியில் குறைவாகப் போட்டு அனுப்பியிருப்பார்கள், அதுவும் நடக்கிறதுதானே என்று நினைத்தார். தொட்டியைக் கொடுத்துவிட்டுக் கை கழுவினார். சோப்பு நுரைக்குள் விரல்கள் வேறு யாருடையவோ போலத் தெரிந்தன.

அன்றிலிருந்து பயம் அவருடைய வீட்டுக்குக் குடிவந்தது. கேஸ் குமிழை மூன்று தரம் தொட்டுப் பார்ப்பார். பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவார். “பூட்டு உங்களப் பாத்துப் பயந்து போயிருக்கும்” என்பாள் மனைவி. நாலாவது மாதம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கதவுக்கு ரப்பர் ஒட்டும் பிரிவுக்குப் போனார். கதவு ரப்பரால் யாரும் சாவதில்லை. நீட்டு வண்டியின் முன் கண்ணாடி ஓரம் ஒரு தகட்டில் வரிசை எண் இருக்கும். சோதனைக்குச் செய்தவை போக, அந்த முதல் நாளுக்கு நானூற்றுப் பன்னிரண்டில் தொடங்கி ஐந்நூற்று எழுபத்தொன்று வரை. அவர் அதை மனப்பாடம் செய்யவில்லை. அதுவாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஆறு வருடம் போனது. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் என்றிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வாசலில் ஹாரன் அடித்தாள். மருந்துக்கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை இறங்கிக் கதவைத் திறந்துவிட, பேத்தி குதித்து இறங்கினாள். வெள்ளை நிற நீட்டு.

“பழசுதான்பா. ஆனா ஒரே ஆள் ஓட்டுனது. நீங்க பிரேக்ல இருந்தப்ப செஞ்ச வண்டியாப் பாத்துத் தேடித் தேடி வாங்குனேன். அந்த நாலு மாசத்துல வந்ததா இருந்தா சொல்லுன்னு புரோக்கர் உயிர எடுத்துட்டேன்” என்றாள் மகள்.

“எங்கப்பா கை பட்ட வண்டிதான் வேணும்னு ஒரே பிடிவாதம் மாமா. கலர்கூட என்னைக் கேக்கல” என்றார் மாப்பிள்ளை.

நிதானம் சிரித்த முகத்தோடே முன் கண்ணாடியின் ஓரம் குனிந்தார். நானூற்று நாற்பத்தேழு.

“என்னங்க, வெயில்ல நிக்கவெச்சுப் பேசுறீங்க, உள்ள கூப்பிடுங்க” என்று மனைவி குரல் கொடுத்தாள். அது எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்டது.

“மாப்பிள்ள, ஸ்டீயரிங்க இடது பக்கம் முழுசா ஒடிச்சுப் பிடிங்க.”

அவர் தரையில் கைலியோடு மல்லாந்து படுத்துத் தலையைச் சக்கரத்துக்கு உள்ளே கொடுத்தார். பேத்தியும் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். தூசியைத் துடைத்தார். பழைய கிளிப். ஹோஸின் மேல் டயர் உரசி உரசி ஒரு பளபளப்பான பட்டை விழுந்திருந்தது. அதன் நடுவில் ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது.

“நாளைக்குக் காலைல கிளம்பலாம்னு இருக்கோம் மாமா. மலப்பாதை, எங்கப்பா அம்மாவையும் ஏத்திக்கிட்டா அஞ்சு பேரு, லக்கேஜ் வேற. தாங்கும்ல?”

“தாத்தா, அது என்ன நூலு?” என்றாள் பேத்தி.

அவர் அந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடினார். எழுந்து, ஹோஸ் பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்று மட்டும் சொன்னார். மதியத்துக்குள் உதிரிபாகக் கடையில் புது ஹோஸும் நீளக் கிளிப்பும் வாங்கி, மெக்கானிக்கைக் கையோடு கூட்டிவந்து மாற்றினார். மறுநாள் அவர்கள் கையசைத்துப் போனார்கள். “அப்பா இருக்குறப்ப எனக்கென்ன பயம்” என்று போகிறபோக்கில் மகள் சொன்னது வாசலிலேயே நின்றது. மாலையில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக போன் வந்தது.

இனி மிச்சம் பத்து. தொட்டியில் குறைவாகப் போட்டிருப்பார்கள் என்பதற்கு இப்போது இடமில்லை.

அந்த வாரம் ஊரில் எங்கு திரும்பினாலும் நீட்டு வண்டியாகவே இருந்தது. வங்கி வாசலில், மருத்துவமனைக்குப் பின்னால், மரத்தடி நிழலில். ஒவ்வொன்றின் கண்ணாடி ஓரத்திலும் எண்ணைப் படித்தார். சந்தேகத்துக்குச் சக்கரத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தார். ஒருவன் பின்னாலிருந்து கேட்டான்.

“என்ன சார், காத்தப் பிடுங்குறீங்களா?”

“இல்லப்பா. இந்த வண்டி... நான் செஞ்சது.”

“ஒத்த ஆளாவா செஞ்சீங்க? பாவம், ரொம்ப வேலையாச்சே.”

வியாழக்கிழமை மதியம், ஷிப்டுக்குப் போகும் வழியில், பள்ளிக்கூட வாசலில் சாம்பல் நிற நீட்டு ஒன்று நின்றது. ஐந்நூற்று முப்பத்து மூன்று. வலது சக்கரத்தருகே குனிந்தபோது ஒரு பெண் இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“யாருங்க நீங்க? வண்டிகிட்ட என்ன வேலை?”

“அம்மா, பிரேக்கு... ஒரே ஒரு நிமிஷம் பாத்துடறேன்.”

“தள்ளிப் போங்க. ஆளுங்களக் கூப்பிடவா?”

பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நெருக்கமான இடம், வெளியே எடுக்க ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தாள். டயர் உள்ளே திரும்புவதை அவர் பார்த்தார். கையைத் தூக்கினார். அதைப் பார்த்துப் பயந்து அவள் இன்னும் வேகமாகப் போனாள். தன்னைக் கண்டு ஒருத்தி அந்த வண்டிக்குள் போய் ஒளிகிறாள் என்பது அவருக்குத் தாங்கவில்லை.

அரை மணி நேரத்தில் தரப் பிரிவு அதிகாரியின் அறையில் நின்றார். மகள் வயதுதான் இருக்கும் அந்த அதிகாரிக்கு. நிதானம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“உக்காருங்கய்யா. எந்த நாள்னு தெரியுமா?”

தேதியைச் சொன்னார். கிழமையைச் சொன்னார். முதல் எண்ணும் கடைசி எண்ணும் சொன்னார்.

“ஆறு வருஷமா ஏன் சொல்லல?”

“தொட்டியில குறைச்சலாப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்மா.”

“நிஜமாவே நெனச்சீங்களா?”

“நெனச்சுப் பாத்தேன். முடியல.”

அவள் பேனாவைத் திறந்து அந்த எண்களைக் குறித்துக்கொண்டாள். “எந்தப் பத்துன்னு தெரியாது. அன்னைக்கு வந்த எல்லா வண்டியையும் திருப்பிக் கூப்பிட்டாகணும். விசாரணை வரும், உங்க பேரும் வெளிய வரும். வேலையே போனாலும் போகலாம்.”

“தெரியும்மா.”

மேலிடத்தில் பேசிவிட்டு, கணினியில் வாங்கியவர்களின் பட்டியலைத் திறந்து அவளே போனை எடுத்தாள். முதல் எண் உபயோகத்தில் இல்லை. அடுத்ததில் ஒரு பெரியவர், “சர்வீஸ்லாம் நாங்க வெளியவே பாத்துக்குறோம், சும்மா சும்மா கூப்பிடாதீங்க” என்று எரிந்து விழுந்தார். அவருக்குப் புரியவைக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

“அம்மா, மொதல்ல ஐநூத்தி முப்பத்தி மூணப் போடுங்க” என்றார் நிதானம்.

போட்டாள். ஸ்பீக்கர் வழியாக மணி அறை முழுக்க அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து நின்றது.

“எடுக்கல. வண்டி ஓட்டிட்டு இருப்பாங்க” என்றாள் சாதாரணமாக. சொல்லி முடித்ததும் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. அவரைப் பார்க்காமல், மறுபடியும் அதே எண்ணை அழுத்தினாள்.