பட்டனைத் திருடிய கள்ளன்

என் செயலிக்குள் எவனோ புகுந்து 'அனுப்பு' பட்டனைத் திருடிவிட்டான் என்றுதான் முதலில் நம்பினேன். ஆர்டர் எடுக்க நான் எழுதிய அந்தச் செயலியை வாங்கிய, திகாம் பத்து ஊரின் ‘நாசி கண்டார்’ சோற்றுக்கடைக்காரர் போனில் கத்தினார்.

“அண்ணே, பேரு எழுதப் போனா பட்டன் ஓடிப் போவுது லா! ஒரு ஆர்டரும் வரல. இன்னிக்குச் சரியாகலன்னா உங்க ஆப்பத் தூக்கிருவேன்.”

பதறிப்போய்க் கடவுச்சொல்லை மாற்றினேன்; மாற்றியதை மறந்து நானே செயலிக்குள் போக முடியாமல் வெளியே நின்றேன். கடைசியில் ஒருவழியாக அதை மீட்டு, மடிக்கணினியோடு கடைக்கே ஓடினேன். கள்ளன் புகுந்துவிட்டதாக அவரிடம் சொன்னேன். அவர் தன் கைப்பேசியில் பெயர் எழுதத் தொட்டதும், திரையின் கீழிருந்து விசைப்பலகை எழுந்து பட்டனை மூடியது.

“இதுவாண்ணே உங்க கள்ளன்?”

மடிக்கணினியிலேயே தட்டித் தட்டிச் சோதித்த நான் அந்த விசைப்பலகையைப் பார்த்ததே இல்லை. அது எழும்போது பட்டனும் மேலே வரும்படி அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். மத்தியானத்துக்குள் ஆர்டர் வந்தது.