பயம் வந்தால் கை எங்கே போகும்

"மேடம், உங்க கதையில கெட்ட சேதி வந்தா எல்லாருமே மயங்கி விழறாங்க. யாராவது ஒருத்தர் நிக்கக் கூடாதா?"

வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர் போனில் இப்படிக் கேட்டுவிட்டு, என் தொடர்கதையின் ஐந்தாவது அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பினார். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. அந்த அத்தியாயத்தில், மகளுக்கு விபத்து என்று கேட்ட தாய் மார்பில் அடித்துக்கொண்டு சாய்வாள். வேறு எப்படி எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை. சும்மா வைத்திருந்தேன்.

அந்த வாரமே ஒரு மாலை டெலிபோன் பூத்துக்காரர் எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார். "அக்கா, கம்பெனி பஸ்ஸு பள்ளத்துல எறங்கிடுச்சாம். பசங்கள செய்யார் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்காங்களாம்." என் மகள் சுமதி செய்யாரில் செருப்புக் கம்பெனியில் வேலை செய்தாள். அதே பஸ்.

தறியில் இருந்த என் வீட்டுக்காரர் எழுந்தார். உடனே கிளம்பவில்லை. ஒரு வேட்டியை எடுத்து உதறி, தறியில் நீட்டிக் கட்டியிருந்த பட்டு நூல் பாவின் மேல் நிதானமாகப் போர்த்தினார்.

"பொண்ணு எப்படிக் கீறாளோன்னு நான் துடிச்சிகினு கீறேன். உங்களுக்குப் பாவுதான் பெருசா?" என்றேன். அவர் வேட்டியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் போகும்போது என் மடியைப் பார்த்து, "இது இன்னாத்துக்கு?" என்றார். குனிந்து பார்த்தால் டிபன் பாக்ஸ். தயிர்சாதம் பிசைந்து, ஊறுகாய் வைத்து, நானேதான் மூடியிருக்கிறேன். "பசியா இருப்பா," என்றேன். அவர் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது ஆட்டோக்காரர்தான் கேட்டார்: "இன்னா சார், நாடாவோட வந்துட்டீங்க?" என் வீட்டுக்காரரின் வலது கையில், பாவுக்குள் ஊடு நூலை ஓட்டுகிற தறி நாடா. வழி நெடுக அதை இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கை சிவந்திருந்தது. யாருடைய பொருளோ என்பது போல அவர் அதைப் பார்த்தார்.

சுமதிக்கு முழங்கையில் கட்டு. அவ்வளவுதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தரையில் பஸ் டிரைவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சுற்றி நின்ற பெற்றோர் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். நானும் வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் சுமதி என் கையிலிருந்து டிபன் பாக்ஸை வாங்கினாள். மூடியில் பாதிச் சோற்றைக் கொட்டி, தரையில் இறங்கி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"மாடு குறுக்க வந்தா நீங்க இன்னாண்ணே பண்ணுவீங்க? துன்னுங்க மொதல்ல."

ஏசிக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். இவள் வீட்டில் தின்ற தட்டைக்கூடக் கழுவாதவள். எதற்கெடுத்தாலும் என்னோடு மல்லுக்கு நிற்பவள்.

எழுத வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் பாத்திரம் நல்லவனா கெட்டவனா என்று நீங்களே சொல்லாதீர்கள். அதைப் பயத்தில் நிறுத்திவிட்டு, அதன் கை எங்கே போகிறது என்று பாருங்கள். தறிப் பாவுக்கு வேட்டி போர்த்துகிற தகப்பனையும் சோறு கட்டுகிற தாயையும் அடுத்த வாரமே எழுதினேன். பத்திரிகையும் மகிழ்ந்து போட்டது.

மகளை மட்டும் எழுத முடியவில்லை. அந்தப் பெஞ்சு வரைக்கும் வருகிறேன். அவள் தரையில் இறங்கும் இடத்துக்கு, நான் எழுதும் எந்த வார்த்தையும் இன்றைக்கும் சின்னதாகத்தான் தெரிகிறது. ஆனாலும் பேனாவை மூடும்போது மனசு நிறைந்துதான் இருக்கிறது.