ஹட்டனில் யோகா விரிப்பு விற்ற கதை

உடுப்புக் கடைக்காரனுக்கு ஊராரின் இடுப்பளவு தெரியும், விளையாட்டுச் சாமான் கடைக்காரனுக்கு ஊராரின் ஆசை தெரியும். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழ் விற்கிறவனுக்கு நிம்மதி குறைவு.

மலையகத்தில், ஹட்டன் டவுணில் எங்கள் கடை அப்படிப்பட்டது. முன்பக்கம் பந்து, மட்டை, சப்பாத்து. பின்பக்கம் பெண்களுக்கான உடுப்பு. அது என் மனைவி வசந்தாவின் பொறுப்பு. பக்கத்து வாசிகசாலை மாடியில் ஞாயிறு காலை யோகா வகுப்பு தொடங்கியதும், நாங்களும் ஒரு கட்டு விரிப்பு இறக்கினோம். புதிதாக எதையாவது பழகப் போகிறவர்களுக்குச் சாமான் விற்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், இதை வாசித்துவிட்டு எங்களுக்காக ஒரு பெருமூச்சு விடுங்கள்.

மெத்தை

முதல் விரிப்பை வாங்கியவர் ஒரு வங்கி அதிகாரி. இருப்பதிலேயே தடிப்பானதைக் கேட்டார். ஆரம்பத்தில் மெல்லியதுதான் நல்லது, நிற்கும்போது காலுக்குப் பிடிமானம் வேண்டும் என்று சொன்னேன். விலை கூடியதைத் தன்னால் வாங்க முடியாது என்று நான் நினைப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். முகம் சிவக்க, தடித்ததையே தூக்கிக்கொண்டு போனார்.

வகுப்பில் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். கால் பஞ்சில் புதைந்து, ஆள் ஆடி, பக்கத்தில் நின்ற தபால் கந்தோர்க்காரர் மேல் சாய்ந்து, இரண்டு பேரும் சுவரைப் பிடித்திருக்கிறார்கள். இறங்கி வந்து கடை வாசலில் நின்று, கோபமில்லாமல் சொன்னார்: "படுத்தா எந்திரிக்கவே மனசு வரல்ல மொதலாளி, அவ்வளவு சொகம். நிக்கத்தான் முடியல்ல."

படங்கு

லோகேஸ்வரி வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க டவுணுக்கு வந்தவர், மேட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நேரெதிரே வாசிகசாலை மாடி ஜன்னலைப் பார்த்திருக்கிறார். பட்டப்பகலில் பெண்கள் வரிசையாகக் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார்கள். டீச்சர் ஒருவர் யாரையும் எழுப்பாமல் நடுவில் நடந்து போகிறார். அந்த பஸ்ஸை விட்டுவிட்டு நேரே எங்கள் கடைக்கு வந்தார்.

மெல்லிய விரிப்பொன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை உதறி, இடுப்பில் சுற்றி, முடிச்சுப் போடக் கயிறு தேடினார். மழைக்கும் தேயிலைச் செடி கீறாமலிருக்கவும் கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற தடித்த துணிக்குப் படங்கு என்று பேர். நீளமாக, மழை ஊறாததாக ஒன்றைக் கையில் கொடுத்தால் அவர்களுக்குக் கை தானாக இடுப்புக்குத்தான் போகும். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். இது தரையில் விரிக்கிறது என்றேன்.

தரை என்றதும் அவர் யோசித்தார். லயத்தில் குடும்பத்துக்கே இருப்பது ஒரு காம்பரா. அந்த அறைக்குள் ஒரு கட்டில், மாமியாருக்கு ஒரு கட்டில், மகன் படிக்கிற மேசை, அலுமாரி. நடுவில் கிடைக்கிற தரை இவ்வளவு நீளமில்லை. பாதியாக வெட்டித் தரமுடியுமா என்று கேட்டார். வெட்டினால் தலை சிமெந்தில் கிடக்கும் என்றேன். "தலைய எங்கயாச்சும் வச்சுக்குவேங்க. முதுகு மட்டும் படுத்தா போதும்."

ரெண்டு கால்

வசந்தா விரிப்பை வெட்ட விடவில்லை. முழுசாகவே வாங்குங்கள், அது எங்கள் கடையிலேயே இருக்கட்டும், ஞாயிறு வந்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டாள். அடுத்த பிரச்சினை உடுப்பு. சேலையில் குனிய முடியாது. நைட்டியில் காலைத் தூக்க முடியாது. சுடிதார் என்றால் துப்பட்டா காலுக்குள் சிக்கும். மேல்சட்டை தளர்வாக, ஆனால் குனிந்தால் முகத்தில் விழாததாக இருக்கவேண்டும். காற்சட்டை இடுப்பில் வெட்டாமல் நிற்கவேண்டும். வசந்தா யாருக்கு உடுப்பு விற்றாலும் அணிந்து பார்க்கும் மறைப்புக்குள் குனிந்து நிமிரச் சொல்லித்தான் விற்பாள்.

லோகேஸ்வரி பிறந்ததிலிருந்து காற்சட்டை போட்டதில்லை. தோட்டத்தில் கண்டால் என்ன சொல்வார்கள் என்ற பயம் வேறு. கறுப்பு டிராக் காற்சட்டையுடன் மறைப்புக்குள் போனவர் வெளியே வரவில்லை. வெளியே இன்னொரு பெண் காத்துக்கொண்டிருந்தார். அளவு சரியில்லையா என்று வசந்தா திரையைத் தட்டிக் கேட்டாள். உள்ளேயிருந்து பதில் வந்தது: "சரியாத்தாங்க்கா இருக்கு. காலு ரெண்டும் தனித்தனியா இருக்கிறத கொஞ்சம் பாத்துக்கிறேன்."

காலுறை

அந்தக் காற்சட்டையும் விரிப்போடு எங்கள் அலுமாரியில் தங்கியது. ஞாயிறு காலையில் கடையில் உடுத்தி, மாடிக்குப் போய் வந்து, மறுபடி சேலை கட்டி, மரக்கறிப் பையுடன் பஸ் ஏறுவார். வீட்டுக்குச் சொல்வது டவுணுக்குப் போகிறேன் என்று. அதில் பொய்யில்லை.

குளிர் மாதத்தில் எல்லோரும் காலுறை கேட்டார்கள். விற்றேன். போட்டவர்களெல்லாம் விரிப்பில் வழுக்கினார்கள். யோகா டீச்சர் கடைக்கே வந்து, இனி யாருக்கும் காலுறை விற்காதீர்கள், வெறுங்கால்தான் பிடிக்கும் என்று என்னைக் கண்டித்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு காலுறை கேட்டு வந்தவர் லோகேஸ்வரி மட்டும்தான். வழுக்கும், குளிரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குளிருக்கு இல்லீங்க. அவங்க கால்லாம் வெடிப்பில்லாம வழுவழுன்னு இருக்கு."

கைக்காசு

பிறகு மழை விட்டு வெயில் வந்தது, கொழுந்து பொங்கியது. அந்தப் பருவத்தில் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை கொடுப்பார்கள். அன்றைக்கே காசு என்பதால் கைக்காசு என்று பெயர். மகனுக்கு டியூஷன் காசு கட்டவேண்டியவர்கள் அதை விடமாட்டார்கள். லோகேஸ்வரி வரவில்லை. கடையில் விரிப்புகள் தீர்ந்துபோய், வந்தவர்கள் அலுமாரியில் இருந்த அவருடையதைக் கேட்டார்கள். வசந்தா அது விற்பனைக்கில்லை என்றாள். பயன்படுத்தாமல் ஏன் வைத்திருக்கிறாய் என்று நான் கேட்டதற்கு, அதன் தூசியைத் தட்டி மறுபடி அலுமாரிக்குள் வைத்தாள்.

ஒரு வேலை நாளில், பின்னேரம், லோகேஸ்வரி மழைக்குள் வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் மாமியாருக்கு மருந்து எடுக்க வந்தாராம். விரிப்பைக் கேட்டார். திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இங்கே ஒருதரம் விரிக்கலாமா என்றார். வசந்தா நைட்டி தொங்கும் கம்பியைச் சுவரோடு தள்ளினாள். நான் கதவைப் பாதி சாத்தினேன்.

உடுப்பு மாற்றவில்லை. சேலையோடு மல்லாந்து, கையை விரித்து, கண்ணை மூடிக்கொண்டார். தலை முதல் கால் வரை விரிப்புக்குள் இருந்தது. தகரத்தில் மழை கொட்டியது. வட்டவளை பஸ் வந்து நின்று, ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. நான் வாயைத் திறக்குமுன் வசந்தா தலையசைத்துத் தடுத்தாள். வெகுநேரம் கழித்து, டீச்சர் சொல்லிக்கொடுத்த மற்றதையும் செய்து பார்க்கலாமே, மறந்துவிட்டதா என்று மெதுவாகக் கேட்டாள். லோகேஸ்வரி கண்ணைத் திறக்கவில்லை. "மறக்கலக்கா. யாரும் பேரச் சொல்லி கூப்பிடாம படுத்திருக்கேன், அவ்வளவுதான்."

மழைக்குள் நனைந்து வந்த வாடிக்கையாளர்களை அன்று வாசலிலேயே நிறுத்தி நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினோம், இப்படி நடத்தினால் கடை உருப்படாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தும்.