தவமலர் அக்கா சம்மதிக்கவில்லை

குறிகாட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகுக்காக நின்றபோது செய்தி வந்தது. "ரீச்சர், தவமலர் அக்கா காலமை ஆஸ்பத்திரியில மோசம் போயிட்டா. இந்தப் படகிலதான் கொண்டுபோகினம். கொஞ்சம் பொறுங்கோ" என்றார் படகோட்டி.

அக்காவுடன் நான் செய்த கடைசிக் கடற்பயணம் அது. சவப்பெட்டியின் தலைமாட்டில் அவருடைய தம்பி தேவன் அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகை பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் அவரோடு சேர்ந்து அழ என்னால் முடியவில்லை.

அக்கா நெடுந்தீவில் பிறந்து பொறியியல் படித்தவர். ஸ்பெயின் நாட்டில் ஒரு சூரிய வெப்ப மின்னாலையில் நீண்டகாலம் வேலை செய்துவிட்டுத் தாய்வீட்டுக்கே திரும்பி வந்தார். கரம்பொன் ஊரிலிருந்து அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கப் போன நான் அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தேன். முதல் சந்திப்பிலேயே என்னைச் சோதித்தார். "கூரையில பூட்டுற தகட்டுக்கும் நான் வேலை செய்த இடத்துக்கும் என்ன வித்தியாசம்? சொல்லும் பாப்பம்."

"ரெண்டும் வெயிலிலதானே" என்றேன். அவர் சிரித்தார்.

"தகடு வெளிச்சத்தை நேரா மின்சாரமாக்கும். நாங்கள் பிடிக்கிறது சூட்டை. கூரைத்தண்ணி ஓடுற பீலி மாதிரி வளைஞ்ச கண்ணாடியள் வரிசை வரிசையா நிக்கும். சூரியன் நகர நகர அதுகளும் திரும்பும். எல்லா வெயிலும் நடுவில இருக்கிற குழாயில விழ, உள்ள ஓடுற எண்ணெய் காயும். அந்தச் சூட்டில தண்ணி ஆவியாகிச் சுழலியைச் சுத்தும். புகையில்லை. மிச்சச் சூட்டை உருக்கின உப்பில சேத்துவைச்சா, பொழுதுபட்ட பிறகும் கரண்ட் வரும்."

எங்கள் மின்சாரத்துக்கான டீசல் படகில்தான் வரும். "கடல் கொந்தளிச்சா எங்கட வீட்டு விளக்கு அணையவேணுமோ?" என்று கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் கேட்பார். "கண்ணாடி அக்கா" என்று ஊர் பகிடி பண்ணியது. அதை அவர் பட்டம்போல ஏற்றுக்கொண்டார்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு கம்பனி காணி தேடி வந்தது. தேவன்தான் ஊரில் அதற்காகக் காணி பேசித் திரிந்த ஆள். அக்கா சிறுபிள்ளைபோலத் துள்ளினார். வெட்டவெளியெல்லாம் நடந்து பார்த்தார், கிணறு கிணறாகத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தார். சில வாரங்களில் அவருடைய பேச்சுக் குறைந்தது.

ஒருநாள் குசினி அடுப்படியில் என் முன்னாலேயே தேவனிடம் சொன்னார். "தம்பி, இது இங்க சரிவராது. மாரியில முகில் மூடினா கண்ணாடி சும்மாதான் நிக்கும். அதைக்கூடப் பொறுக்கலாம். உப்புக்காத்துப் படியப் படியக் கண்ணாடியைக் கழுவவேணும், சுழலியால வாற ஆவியைக் குளிரவைக்கவேணும். கடல்தண்ணியை நன்னீராக்க, காத்தால குளிரவைக்க வழியிருக்கு. ஆனா இந்தச் சின்னத் தீவுக்கு அந்தச் செலவு கட்டாது. கடைசியில கிணத்திலதான் கைவைப்பினம். இறைக்க இறைக்க உவர் மேல வந்திடும்."

"சரியக்கா, நான் அவையளுக்குச் சொல்லுறன்" என்றார் தேவன். அன்று அக்கா சாப்பிடவில்லை.

கம்பனி காணிக்காரரைப் பாடசாலை மண்டபத்துக்கு அழைத்த நாளில் அக்கா கண் வைத்தியரிடம் காட்ட யாழ்ப்பாணம் போயிருந்தார். அவர் நேரத்தோடு திரும்பி வருவாரென்று தேவன் நினைக்கவில்லை. வாசலில் அவர் வந்து நின்றபோது தேவன் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்கட அக்கா முழுக்கப் பாத்திட்டா. கிணறுகளுக்கு ஒரு சேதமும் வராதெண்டு சொல்லிப்போட்டா."

"அவா சொன்னாச் சரிதான்" என்று பலர் தலையாட்டினார்கள்.

"தேவன், நான் அப்படிச் சொல்லேல்லை."

அக்கா முன்னால் நடந்து வந்து, தன் வாழ்நாள் ஆசைக்கு எதிராகத் தானே சாட்சி சொன்னார். காணி விற்க இருந்த கமக்காரர் ஒருவர் எழும்பினார்.

"இவ்வளவு காலமும் வரும் வரும் எண்டனீங்கள். இப்ப வர விடுறியள் இல்லை. எங்களை ஏமாத்தினது ஆர், கொம்பனியோ நீங்களோ?"

"எனக்கும் ஆசைதான் ஐயா. குடிக்கத் தண்ணி இல்லாட்டி, வெளிச்சத்தை வைச்சு என்ன செய்யிறது?"

வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "பிறத்தியார் ஏமாத்தியிருந்தா நான் உடைஞ்சிருக்கமாட்டன். என்ர வாயில இல்லாத சொல்லை என்ர தம்பி வித்துப்போட்டான்."

கம்பனி போய்விட்டது. தேவன் அந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார். காணி விற்க இருந்தவர்கள் கடையில் அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். அவர்களில் சிலருடைய கூரைகளில்கூட ஏணி வைத்து ஏறிச் சூரியத் தகடு பூட்டிக் கொடுத்தவர் அவர்.

இனி, இதை எழுத வைத்த காரணம். செத்தவீட்டு வாசல் படலையில் அந்தக் கம்பனியின் மலர்வளையம் தொங்கியது. அஞ்சலியுரையில் தேவன் சொன்னார். "அந்த ஆலைதான் அக்காவின்ர கடைசி ஆசை. அவாவின்ர பேரிலயே அது வரும்."

"தேவன், அவா வேண்டாமெண்டவா" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"ரீச்சர், செத்தவீட்டில பிரச்சினை வேண்டாம்" என்றார் ஓர் உறவினர். தேவன் என்னைப் பார்க்கவில்லை. அன்று பாடசாலை மண்டபத்தில் அக்கா சொன்னதைக் கேட்ட ஒருவரும் வாய் திறக்கவில்லை. பறை முழங்கத் தொடங்கியது.

ஆண்கள் சுடலைக்குப் போக, பெண்கள் நாங்கள் முற்றம் கழுவக் கிணற்றடிக்குப் போனோம். வாளியில் வந்த தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தேன். உவர்க்கவில்லை.

போய்வாருங்கள், அக்கா. உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது இந்தக் கிணற்றடிக்கு வந்தால், நாங்கள் இங்கே நிற்போம்.