மனசு டாக்டருக்கு யார் காசு?

போன வாரம் திருப்பதி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார், தரிசனத்துக்கா என்று. இல்லை, வீட்டுக்காரியை மனசு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றேன். என் குரல் தறி ஓடும் ஷெட்டில் பேசிப் பழகிய குரல். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மனிதர் சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார்.

ஆனால் இறங்கும்போது காதருகே வந்தார். "பீஸ் எவ்ளோ வாங்குறாரு? துட்டு எப்டி பொரட்டுறீங்க?"

பாருங்கள்... அவர் வீட்டிலும் யாருக்கோ தேவைப்படுகிறது. அவருக்குத்தான் இந்த வாரப் பத்தியில் பதில்; வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். ஆந்திர எல்லை நகரியில் கூலிக்கு நெய்தவன். இன்று பன்னிரண்டு பவர்லூம், மாடி வீடு, தறிக்காரர் சங்கத்துக்குத் தலைவர். யார் தூக்கிவிட்டார்கள்? யாருமில்லை, இந்த இரண்டு கைதான். அதில் எனக்குப் பெரிய பெருமை எது தெரியுமா? தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த என் மனைவி சரோஜாவை, இனி ராட்டினத்தைத் தொடாதே என்று சொல்லி நாற்காலியில் உட்கார வைத்ததுதான். ஊரில் வேறு எவன் செய்தான்?

உட்கார்ந்தவளுக்குத்தான் நோவு வந்தது. கரண்ட் போய்த் தறிச் சத்தம் நின்றால் போதும் — நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், சோறு இறங்காது. கரண்ட் வந்தாலும் தெளிய வெகுநேரம் ஆகும். மந்திரித்தோம். ஈ.சி.ஜி. எடுத்தோம். உடம்பில் ஒன்றுமில்லை, திருப்பதியில் மனசுக்கென்று ஒரு டாக்டர் இருக்கிறார், போங்கள் என்றார் ஈ.சி.ஜி. பார்த்த புத்தூர் டாக்டர்.

போனோம். ஊசி இல்லை, மருந்து இல்லை. அரை மணி நேரம் அவளை உள்ளே உட்கார வைத்துப் பேச வைத்தார். நான் வெளியே பெஞ்சில். வாராவாரம் வரவேண்டும், தடவைக்கு இருபத்தைந்து ரூபாய் என்றார். வெறும் பேச்சுக்கா? சரி, நான் என்ன இல்லாதவனா? நோட்டை எடுத்து நீட்டினேன்.

பஸ் ஏறியதும் கேட்டேன், உள்ளே என்ன பேசினாய் என்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நகரி வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன். அடுத்த வாரம் கிளம்பச் சொன்னால் அசையவில்லை.

"நீ துட்டு குடுத்தா சரக்கு எங்கன்னு கேப்ப. நான் போவல."

கொடுத்தவன் கேட்கக் கூடாதா? எனக்குக் கோபம்தான். ஆனால் அன்று சாயங்காலம் கரண்ட் போனது. கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வளையல் தூணில் பட்டுப் பட்டு நடுங்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. சரி, என் காசு வேண்டாம்... வேறு யார் காசு?

அதே டாக்டர் காலையில் பெரியாஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கிறார். ஆனால் அந்த வரிசையில் நகரிக்காரர் ஒருவராவது நிற்பார், இன்னாக்கா இங்க என்று கேட்பார். எங்கள் சங்கத்தில் வைத்திய நிதி உண்டு. என்ன நோய் என்று கூட்டத்தில் சொன்னால்தான் பணம். ஆபீசில் வைத்தியச் செலவு என்று எழுதி வாங்கித் தருகிறேன் என்றான் வேலூரில் இருக்கும் மகன். அப்புறம் மருமகளுக்குத் தெரியும், அவள் அம்மாவுக்குத் தெரியும் என்றாள் இவள். ஒவ்வொரு காசுக்கும் ஒரு காது இருந்தது!

திடீரென்று அவளே கிளம்பினாள். துட்டு இருக்குது, வா என்றாள். பேசி முடித்ததும் டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். சரோஜா மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள் — ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காணிக்கை. சாமி காசு; சாமி என்ன பேசினாய் என்று கேட்காது. இது அவள் கணக்கு.

டாக்டர் தெலுங்குக்காரர், நெற்றியில் நாமம் போட்டவர். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அம்மா, இதி சாமி டப்பு. இத நான் தொட்டா எனக்கு யார்மா வைத்தியம் பாக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இன்றைக்கு பீஸ் வேண்டாம், மேலே போய் உண்டியலில் சேர்த்துவிட்டு வாருங்கள் என்றார். பிறகு அவளிடம் மெதுவாகக் கேட்டார், உங்களுக்கென்று சம்பாத்தியம் எதுவும் இல்லையா அம்மா என்று. அவள் மஞ்சள் முடிச்சை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். மலைக்குப் போய் உண்டியலில் போட்டுவிட்டு, இறங்கும் பஸ்ஸில்தான் அதற்குப் பதில் சொன்னாள்.

"நாளைக்கி அந்த ராட்டினத்த பரண்லேர்ந்து எறக்கு. மத்தவங்களுக்கு இன்னா கூலியோ அதான் எனக்கும்."

முதலாளி பெண்டாட்டி கூலிக்கா? நான் கட்டிக் காத்த பெருமை என்னாவது? ஊரில் கேட்டால் என்ன சொல்வேன் என்றேன்.

"அவ வேல செஞ்சிக்கினு கீறான்னு சொல்லு. நோவுன்னு சொல்றத விட சுளுவு."

மறுநாள் தார் சுற்றும் பெண்களோடு போய் உட்கார்ந்தாள். சனிக்கிழமை வரிசையில் நின்று கூலி வாங்கினாள் — என் எதிரிலேயே எண்ணிப் பார்த்துக்கொண்டாள். டாக்டர் பீஸ் அந்தக் கூலியில்தான்; பஸ் டிக்கெட்கூட அவளுக்கு மட்டும் அவளே எடுத்தாள். என் டிக்கெட் என் பாடு.

இப்போதும் கரண்ட் போகிறது. சில நாள் கை நடுங்குகிறது. ஆனால் பக்கத்தில் ஐந்து பெண்கள் இருக்கிறார்கள். தறி நின்றால் இவர்கள் வாய் ஓட ஆரம்பித்துவிடும். சோறும் இறங்குகிறது. நான் வாராவாரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் திரும்பி வருகிறேன். பன்னிரண்டு தறி வாங்கியது இதைவிடச் சுலபம்.

ஆக, பஸ்ஸில் கேட்ட ஐயா... இலவச ஆஸ்பத்திரி உண்டு, சங்கம் உண்டு, பிள்ளைகள் உண்டு. எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். கொடுத்துவிட்டுக் காதை நீட்டாத கையாகப் பார்த்து வாங்குங்கள்.

போன சனிக்கிழமை சரோஜா, ஐந்து பெண்களையும் பின்னால் நிறுத்திக்கொண்டு கூலி உயர்வு கேட்டாள். டாக்டர் பீஸ் ஏறிவிட்டதாம். ஆறு பேருக்கும் சேர்த்தே கொடுத்தேன்.

உள்ளே என்னதான் பேசுகிறார்கள் என்று இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது.